தாயகம் துறந்த ஆட்டக் கழகம்

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகவே தெற்கு நோக்கிச் சென்றால், கல்பாக்கத்தை அடுத்துச் சதுரங்கப்பட்டினம் என்னும் ஊர் வரும். அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய செங்கற்கோட்டை ஒன்று சிதைந்த நிலையில் இன்றும் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அவர்கள் அவ்வூரை நாடி வந்ததற்குக் காரணம் அந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்யப்பெற்ற மெல்லிய மஸ்லின் துணியே ஆகும். நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துத் துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். சென்னையில் இருந்த ஆங்கிலேயரும் வாளா இருக்கவில்லை. 1734-ஆம் ஆண்டில் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளருக்கென்றே ஒரு குடியிருப்பாக அமைத்து, அக்கம்பக்கத்துத் தறிகளைத் தம்பால் ஈர்த்தார்கள். எவர் மிகுதியாகக் கொடுக்கிறாரோ அவர் பக்கம் தறி நகர்ந்தது. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி டச்சுக்காரர் தம் இந்திய இடங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து அகன்றனர். சதுரங்கப்பட்டினத்தில் இப்போது காண்பதற்கு இருப்பவை கோட்டைச் சுவரும், கொள்முதல் செய்ய வந்தவர்களின் கல்லறைகளுமே.

ஹாக்கியைப் பற்றிப் பேச வந்தவர் நெசவைப் பற்றிப் பேசுகிறாரே என்று நேயர்கள் நினைக்கலாம். நான் சொல்லப்போகும் செய்தியும் அத்தகையதே. ஆனால் இங்கே நகர்ந்தது தறி அன்று. ஒரு பெரிய ஆட்டக் கழகம். தான் பிறந்து வளர்ந்த நாட்டின் லீக்கை விட்டு, அயல்நாட்டாரின் செல்வம் மிகுந்த லீக்குக்கு அது சென்றது. அவ்வாறு செல்வது எவ்வாறு இயலும், சென்றதனால் வந்தது என்ன என்பதை விளக்குவதே என் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ஹாக்கி என்றதும் நமக்கு நினைவு வருவது எழும்பூர் மைதானத்தில் பந்தை வளைகோலால் தட்டும் ஆட்டம். வடதிசைக் குளிர்நாடுகளில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே உறைந்த பனித்தரையே ஆடுகளம், பந்துக்கு மாறாகக் கெட்டியான ரப்பர் வட்டு, காலில் இரும்பு விளிம்பு பூட்டிய சறுக்குக் காலணி, பக்கத்துக்கு அறுவர். பின்லாந்து நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் அதனை ஆடுவது, நம்மூர்த் தெருக்களில் கிரிக்கெட் ஆடுவதைப் போன்றது.

அந்நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் 1967-ஆம் ஆண்டு தோன்றியது ஜோக்கெரிட் என்னும் கழகம். சீட்டுக்கட்டில் உள்ள கோமாளியின் பெயரே அதன் பெயர்; சட்டையிலும் அந்தக் கோமாளியே சிரிக்கிறான். 1973 முதல் 2002 வரையில் ஆறு முறை அது பின்லாந்தின் வாகையைச் சூடியது. அதே நகரில் அதற்கு ஒரு பங்காளியும் உண்டு. 1897-ல் தோன்றிய ஐ.எப்.கே. என்பது அதன் பெயர். இவ்விரண்டும் மோதும் நாளில் நகரமே இரண்டு பட்டு நிற்கும். தந்தை ஒரு பக்கம், மகன் மறு பக்கம் என்று பிரியும் வீடுகளும் இல்லாமல் இல்லை.

1990-களில் ஜோக்கெரிட்டின் உரிமையாளர் ஹாரி ஹார்க்கிமோ என்பவர். பாய்மரப் படகோட்டியாகப் பெயர் பெற்று, பின்னர் வணிகராகி, 2015-ல் நாடாளுமன்றத்துக்கும் சென்றவர். 1997-ஆம் ஆண்டு பதின்மூவாயிரம் பேர் அமரத்தக்க ஓர் அரங்கை அவர் எழுப்பினார். ஆட்டத்தைக் காட்டிலும் அரங்கே இக்கதையின் திறவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்துணைப் பெரிய மண்டபத்தை ஆண்டு முழுதும் நிரப்புவது எளிதன்று. பின்லாந்து ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களை உடைய நாடு. அதன் தலைமை லீக்கில் அப்போது பதினான்கு கழகங்கள். அவற்றுட் சில சிறு பட்டணங்களைச் சேர்ந்தவை. நுழைவுச் சீட்டு, விளம்பர ஆதரவு, ஒளிபரப்பு உரிமை என்னும் மூன்று வாய்க்கால்களின் வழியேதான் ஒரு கழகத்துக்குப் பணம் வரும். ஊர் சிறிதாயின் மூன்றும் சிறுத்துவிடும். ஆட்டக்காரர் கேட்கும் ஊதியமோ உலகச் சந்தையின் விலை. நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தலையெடுத்த உடனே அமெரிக்காவோ சுவீடனோ ரஷ்யாவோ அவனைக் கொண்டுபோய்விடும்.

இந்நிலையில்தான் கிழக்கே ஒரு பெரிய லீக் எழுந்தது. 2008-ல் ரஷ்யாவில் தோன்றிய கான்டினென்டல் ஹாக்கி லீக் அது. ரஷ்யாவின் பெரிய எண்ணெய், எரிவாயு நிறுவனங்களும் பெருஞ்செல்வர்களும் அதன் கழகங்களைத் தாங்கினார்கள். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்த லீக் செல்வம் மிகுந்தது என்றால், பார்வையாளர் கொடுத்த காசினால் மட்டும் வந்த செல்வம் அன்று அது. கொடுப்பவர் கை நீளும்வரையில் வரும் செல்வம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை, கிணற்று நீருக்கும் வண்டியில் வரும் நீருக்கும் உள்ள வேற்றுமையே.

2013-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் செய்தி வெளியாயிற்று. ஹெல்சிங்கி அரங்கை கென்னடி டிம்சென்கோ, ரோட்டன்பெர்க் குடும்பத்தார் ஆகிய செல்வர்களுக்கு உரிய நிறுவனம் வாங்கியது. கழகத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்பது பங்கும் அவர்களுக்குப் போயிற்று. 2014-ஆம் ஆண்டு இலையுதிர்காலம் முதல் ஜோக்கெரிட் ரஷ்ய லீக்கில் ஆடும். பின்லாந்தில் சிலர் இதனைப் பெருமையாகக் கொண்டனர். உயர்ந்த ஆட்டத்தை நம் ஊரிலேயே பார்க்கலாம் அன்றோ என்றனர். சிலர் காட்டிக்கொடுத்தல் என்றனர்.

வெளிநாட்டு லீக்குக்குச் செல்வதற்குச் சட்டத்தில் தடையில்லையா? பொதுவாக இத்தகைய மாற்றத்துக்கு உள்நாட்டுச் சங்கத்தின் இசைவும், ஏற்றுக்கொள்ளும் லீக்கின் இசைவும் வேண்டும். இசைவு கிடைத்தால் போதும். கழகம் தன் அரங்கிலேயே இருந்துகொண்டு எதிரிகளை மட்டும் மாற்றிக்கொள்கிறது. விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இராது. ஜோக்கெரிட்டின் இடத்தில் வாசா என்னும் கடற்கரைப் பட்டணத்தின் ஸ்போர்ட் என்ற கழகம் தலைமை லீக்கில் ஏறியது. பெரியவன் எழுந்துபோன நாற்காலி, நெடுநாள் வாயிலில் நின்றவனுக்குக் கிடைத்தது. இழப்பைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

இழப்பும் உண்மையே. பங்காளியோடு ஆடும் ஆட்டம் நின்றுபோயிற்று. சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த எதிரிக்குப் பதிலாக, விளாடிவஸ்தோக் என்னும் பசிபிக் கரைப் பட்டணத்தின் அணி எதிரியாயிற்று. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம், ஏழெட்டு மணி நேர வேறுபாடு. அங்கே தன் அணி ஆடுவதைப் பார்க்க ஹெல்சிங்கித் தொழிலாளி எவ்வாறு போவான்? அவன் மாலையில் வேலை முடிந்து வருமுன் ஆட்டமே முடிந்திருக்கும். ஆட்டத்தின் தரம் உயர்ந்தது. ஆயினும் ஆட்டத்தைச் சூழ்ந்திருந்த பேச்சு, பகடி, பஸ் பயணம் ஆகியவை குறைந்தன.

பணத்தின் நிலையோ முதல் ஆட்டம் தொடங்குமுன்னரே ஆட்டங்கண்டது. 2014 மார்ச்சில், கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதை ஒட்டி, அமெரிக்க அரசு டிம்சென்கோ மீதும் ரோட்டன்பெர்க் உடன்பிறந்தார் மீதும் பொருளாதாரத் தடை விதித்தது. கோமாளியின் சட்டை அணிந்து பனியில் சறுக்கும் இளைஞனுக்கும் கருங்கடல் தீபகற்பத்துக்கும் என்ன உறவு? பங்குப் பத்திரத்தில் ஒப்பமிட்ட நாளிலேயே அந்த உறவு ஏற்பட்டுவிட்டது.

அவ்வாறே எட்டாண்டுகள் ஓடின. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனில் முழு அளவில் புகுந்தன. மறுநாளே ஜோக்கெரிட் தான் ஆடவேண்டியிருந்த இறுதிச்சுற்றுப் பந்தயங்களிலிருந்து விலகியது. அதனுடைய அரங்கு, உடைமையாளர்மீது விழுந்த தடைகளால் பூட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பயனின்றிக் கிடந்தது. தலைமை லீக்கில் அதற்கு உடனே இடம் கிடைக்கவில்லை. 2023-ல் இரண்டாம் நிலை லீக்கில் சேர்ந்து, சிறிய அரங்குகளில் ஆடத் தொடங்கியது. ஆறு முறை வாகை சூடிய கழகம்!

இவ்வழி போனது ஜோக்கெரிட் மட்டும் அன்று. பிராகா நகரின் லெவ் என்னும் கழகம் 2014-ல் அந்த லீக்கின் இறுதிப் போட்டிவரை ஏறி, ஏழாவது ஆட்டத்தில் தோற்று, அந்தக் கோடையிலேயே பணமின்றிக் கலைந்தது. பிராட்டிஸ்லாவாவின் ஸ்லோவான் 2012-ல் சென்று, ஊதிய நிலுவைத் தொல்லைகளோடு 2019-ல் வீடு திரும்பியது. 2022-ல் ஸ்லோவாக்கிய வாகையை மீண்டும் பெற்றது. சாக்ரெப் நகரின் மெட்வெஷ்சாக் 2013-ல் போய் 2017-ல் திரும்பியது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியக் கழகம் எதுவும் இவ்வாறு அணியோடு அயல்நாட்டு லீக்குக்குப் பெயர்ந்ததாகச் சொல்வதற்கில்லை. நம்மிடம் பெயர்ந்தவர்கள் தனி ஆட்டக்காரர்கள். புனேயை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடிய தன்ராஜ் பிள்ளை அவர்கள், இங்கிலாந்து, பிரான்சு, மலேசியா முதலிய நாடுகளின் கழகங்களுக்கும் ஆடினார். இதனை எவரும் குறை சொல்லலாகாது. ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்ற நாட்டில், ஹாக்கிக்காரன் பெரும்பாலும் ரயில்வேயிலோ வங்கியிலோ எண்ணெய் நிறுவனத்திலோ வேலை பெற்று, அந்த அலுவலகத்தின் அணிக்கு ஆடியே பிழைத்தான். அயல்நாட்டில் சில திங்கள் ஆடிக் கிடைப்பது அவனுக்கு வீடு கட்டும் பணம். ஆட்டக்காரன் போனால் அவனுடைய கழகம் இருக்கிறது. வேறொருவன் அந்த இடத்தில் ஆடுவான். கழகமே போனால் அதன்பின் சென்ற பிள்ளைகளின் அணிகளும், பழக்கப்பட்ட பார்வையாளரும் அல்லவா நடுவழியில் நிற்கின்றனர்?

உள்நாட்டிலேயே ஒரு பிரிவு நிகழ்ந்தது. 2012-ல் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பும் நிம்பஸ் நிறுவனமும் சேர்ந்து உலகத் தொடர் ஹாக்கி என்ற எட்டு அணிப் பந்தயத்தை நடத்தின. சென்னைச் சீட்டாஸ் அவற்றுள் ஒன்று. உலக ஹாக்கிச் சம்மேளனம் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. ஆகவே பணமா, நாட்டு அணியில் இடமா என்ற கேள்வி ஆட்டக்காரர் முன் வந்து நின்றது. ஒரு பருவம் நடந்தது. இரண்டாவது பருவம் நடைபெறவே இல்லை. பின்னர் ஹாக்கி இந்தியா தொடங்கிய லீக் 2013 முதல் 2017 வரை நடந்து நின்று, 2024 டிசம்பரில் புத்துயிர் பெற்றது.

அவ்வாறு புத்துயிர் பெற்ற பருவத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற அணி சேர்ந்தது. செங்கற்பட்டில் மின்சார ரயில் ஏறும் ஒரு பையன், எழும்பூரில் இறங்கிச் சற்று நடந்தால் மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கை அடைந்துவிடலாம். ஆனால் அந்தப் பருவத்து ஆடவர் ஆட்டங்கள் ஒடிசாவின் ரூர்கேலாவிலும் ஜார்க்கண்டின் ராஞ்சியிலுமே நடந்தன. தன் மாநிலத்தின் பெயர் தாங்கிய அணியை அப்பையன் தொலைக்காட்சியில்தான் கண்டான்.