யார் செலவில் ஸ்டெபிலைசர்?

குளிர்சாதனப் பெட்டி வாங்கச் செல்பவரிடம், விலை பேசி முடிந்ததும் கடைக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி, 'ஸ்டெபிலைசரும் சேர்த்துப் போட்டுவிடவா?' என்பதாகும். திருவண்ணாமலையில் மட்டுமன்று, தமிழகத்தின் பெரும்பாலான ஊர்களில் இக்கேள்வி எவருக்கும் வியப்பளிப்பதில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரம் சீராக இராது என்பதைக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகின்றனர். அதைச் சீர்செய்யும் கருவியையும் நுகர்வோரே தம் செலவில் வாங்கிச் செல்கிறார். பால் வாங்குபவர், அதில் கலந்த நீரைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தையும் சேர்த்து வாங்குவதைப் போன்றது இது.

நம் வீடுகளுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். தாழ்வழுத்த இணைப்புகளில் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே வரையறுத்தன. அதாவது, ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. கோடைக்காலத்து இரவு எட்டு மணிக்கு, மின்மாற்றியிலிருந்து தொலைவில் இருக்கும் தெருக்கோடி வீட்டில் ஓர் அளவுமானியை வைத்துப் பார்த்தால், இந்த வரம்புக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி புலப்படும்.

காரணம் எளியது. கம்பியின் நீளம் கூடக்கூட, அதில் ஓடும் மின்னோட்டம் கூடக்கூட, வழியில் இழக்கப்படும் மின்னழுத்தமும் கூடுகிறது. மின்மாற்றிக்கு அருகில் இருப்பவருக்கு நிறைவாகவும், கடைசிக் கம்பத்தில் இணைப்புப் பெற்றவருக்குக் குறைவாகவும் கிடைப்பது இதனால்தான். திருவண்ணாமலை போன்ற ஊரில் இச்சிக்கல் இருமடங்காகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி வீடுகளும் விடுதிகளும் பெருகியுள்ளன. பௌர்ணமி இரவுகளில் விடுதி அறைகள் நிரம்பிக் குளிரூட்டிகள் ஒருசேர இயங்குகின்றன. கார்த்திகை தீபத்தின்போது நிலைமையைச் சொல்லவே வேண்டியதில்லை. (மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்துக்கு மட்டும் நெய் போதும், அதற்கு மின்சாரம் வேண்டாம்!) ஆனால், திருவிழாவுக்கென்று சிறப்பு ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன, ஆண்டின் மற்ற நாள்களில் தெருக்கோடி வீட்டை எவரும் நினைப்பதில்லை. கிராமங்களிலோ, வீடுகளும் பாசன மோட்டார்களும் ஒரே மின்மாற்றியைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், மோட்டார்கள் ஓடும் நேரமெல்லாம் விளக்குகள் மங்குகின்றன.

குறைந்த மின்னழுத்தம் எல்லாக் கருவிகளையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. இதை அறியாததால்தான் பலர் வேண்டாத கருவிக்குப் பணம் செலவிட்டு, வேண்டியதைக் காப்பாற்றாமல் விடுகின்றனர். இன்றைய தொலைக்காட்சி, மடிக்கணினி, எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றில் பெரும்பாலானவை அகன்ற மின்னழுத்த எல்லைக்குள் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் பின்புறத்தில் '100-240' என்று அச்சிடப்பட்டிருந்தால், அழுத்தம் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியவை மோட்டார் உள்ளவை: குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார். இவ்வகை மோட்டாரின் சுழல்விசை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. 230 வோல்ட்டுக்குப் பதிலாக 180 வோல்ட் வந்தால், அழுத்தம் சுமார் 22 சதவீதமே குறைந்தது போலத் தோன்றும். ஆனால், சுழல்விசை 61 சதவீதமாகச் சுருங்கிவிடும். கம்ப்ரஸர் உறுமுமேயன்றிச் சுழலாது. சுழலாமல் நிற்கும் மோட்டார் இயல்பைப்போலப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். மெக்கானிக் வந்து 'காயில் போயிடுச்சு' என்று சொல்வதன் பொருள் இதுதான்.

ஆகவே, குளிர்சாதனப் பெட்டிக்கும் பழைய வகைக் குளிரூட்டிக்கும் ஸ்டெபிலைசர் தேவையே. வாங்கும்போது அது எந்த எல்லைவரை தாங்கும் என்பதையும், மின்சாரம் நின்று வந்தபின் சில நிமிடங்கள் தாமதித்து இணைக்கும் வசதி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். மின்தடை நீங்கிய மறுகணமே தெருவிலுள்ள எல்லா கம்ப்ரஸர்களும் ஒன்றாகக் கிளம்ப முயல்வதால், அழுத்தம் மீண்டும் சரிகிறது. அந்த வசதி இல்லையெனில், நாமே சுவிட்சை அணைத்துவைத்துச் சற்றுப் பொறுத்துப் போடலாம். இடிமின்னலை மட்டும் ஸ்டெபிலைசரிடம் ஒப்படைத்துவிடக் கூடாது. மைக்ரோ நொடிகளில் பாயும் அந்த எழுச்சிக்கு முன் அதன் ரிலே விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி வைப்பதே எளிய காப்பு.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது நியூட்ரல் கம்பி அறுந்துபோவது. அப்போது இரு வேறு பேஸ்களில் உள்ள வீடுகள் தம்மையறியாமல் ஒரே தொடரில் இணைந்து, இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள ஏறத்தாழ 400 வோல்ட்டைப் பங்கிட்டுக் கொள்கின்றன. அதிகக் கருவிகள் ஓடும் வீட்டில் அழுத்தம் தாழ்கிறது. ஒரு விளக்கும் தொலைக்காட்சியும் மட்டும் ஓடும் வீட்டில் அது 300 வோல்ட்டையும் தாண்டக்கூடும். ஒரே இரவில் ஒரு தெருவின் தொலைக்காட்சிகள் வரிசையாகப் பழுதாவதன் பின்னணி பெரும்பாலும் இதுவே. விளக்குகள் சில கண்கூசும்படி எரிந்து சில மங்கினால், யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் கருவியை மீட்டர் பெட்டியை அடுத்துப் பொருத்துவது இதற்கு நல்ல தீர்வு. நியூட்ரல் இல்லாதபோது எர்த் கம்பியை நியூட்ரலாக்கி விளக்கெரிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது கருவியை அல்ல, உயிரைப் பறிப்பது.

இதுவரை சொன்னது தனிமனிதரின் தற்காப்பு. நான் எழுத விரும்பியது அதற்கு அப்பால் உள்ளது. ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. 180 வோல்ட்டை 230 ஆக உயர்த்தித் தரும் அது, அதற்கு ஈடாகக் கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. சாதாரண ஹீட்டர் போன்ற சுமையைக் கணக்கிட்டால், ஸ்டெபிலைசர் இல்லாதபோது எடுத்ததைவிட 60 சதவீதத்துக்கும் மேல் அதிகம். கம்பியில் மின்னோட்டம் கூடினால் அடுத்த வீட்டுக்குச் செல்லும் அழுத்தம் மேலும் குறையும். அவரும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குவார். மும்முனை இணைப்பு உள்ளவர், எந்த பேஸில் அழுத்தம் நன்றாக இருக்கிறதோ அதற்குத் தம் வீட்டை மாற்றிக்கொள்வார். எல்லாரும் அவ்வாறே செய்ய, அந்த பேஸும் படுத்துவிடும். ஒருவரின் செயலால் மற்றவர்மீது விழும் செலவைப் பொருளியலில் புறவிளைவு என்போம். வகுப்பறையில் அதற்கு ஆண்டுதோறும் தோல் தொழிற்சாலைக் கழிவையே எடுத்துக்காட்டாகக் கூறிவந்தேன். ஸ்டெபிலைசரைச் சொல்லியிருந்தால் மாணவர்களுக்கு இன்னும் எளிதில் விளங்கியிருக்கும்.

இந்த வரிசையின் கடைசியில் நிற்பவர், எதையும் வாங்க இயலாதவர். 2006-இல் தொடங்கி வண்ணத் தொலைக்காட்சிகளையும், 2011-இல் தொடங்கி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றையும் அரசு விலையின்றி வழங்கியது. 2016-இல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமானது. ஏழை வீட்டுக்குக் கருவி வந்தது; யூனிட்டும் வந்தது; வோல்ட் வரவில்லை. அரைக்கும்போது நின்றுபோகும் கிரைண்டரின் காயிலை மாற்றச் செலவிடும் பணம் எந்த மானியக் கணக்கிலும் ஏறுவதில்லை. இலவசத்தைப் பற்றி இருதரப்பிலும் ஓயாது வாதிடும் நாம், தரத்தைப் பற்றி வாதிட்டதாக எனக்கு நினைவில்லை.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 57-ஆம் பிரிவில், விநியோக நிறுவனம் நிர்ணயிக்கப்பட்ட தரத்தை எட்டத் தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு விதிமுறைகளில் மின்னழுத்தப் புகார்களும் இடம்பெற்றுள்ளன. ஆனால், இழப்பீடு கேட்டு எழுதுபவர்கள் அரிது. 'கரன்ட் இல்லை' என்றால் உடனே தொலைபேசியை எடுக்கும் நாம், 'கரன்ட் போதவில்லை' என்பதைத் தட்பவெப்பம் போல ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

தனியாகப் புகாரளித்தால், 'உங்கள் வீட்டு வயரிங்கைப் பாருங்கள்' என்ற பதில் வருவது வழக்கம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆகையால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதைச் சோதித்துவிடுவது நல்லது. பின்னர் ஒரு வாரம், காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் அழுத்தத்தை அளந்து தேதியுடன் குறித்துவைக்க வேண்டும். அதே மின்மாற்றியிலிருந்து இணைப்புப் பெற்ற ஐந்தாறு வீட்டார் தம் மின் இணைப்பு எண்களுடன் சேர்ந்து கையொப்பமிட்டு உதவிப் பொறியாளரிடம் மனு அளித்தால், அதை எளிதில் ஒதுக்க முடியாது. தளர்ந்த இணைப்பை இறுக்குவது, மூன்று பேஸ்களுக்கும் சுமையைச் சமமாகப் பிரிப்பது, மின்மாற்றியின் டேப்பை மாற்றுவது ஆகிய பெருஞ்செலவில்லாத வேலைகளிலேயே பல தெருக்களின் குறை தீர்ந்துவிடும். அதற்கும் மேல் தேவையெனில், நீண்ட கம்பியின் நடுவே புதிய மின்மாற்றி அமைப்பதுதான் வழி; அதற்கு மதிப்பீடு தயாரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மனுவுக்கு அசைவில்லையெனில், மின்பகிர்மான வட்டத்தில் இயங்கும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தை அணுகலாம். அங்கும் தீர்வு கிட்டாவிட்டால், சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். எங்கு எழுதினாலும் மனுவில் மின்மாற்றியின் பெயரையோ எண்ணையோ குறிப்பிட மறக்க வேண்டாம். அது மின்மாற்றிக் கம்பத்திலேயே வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும்.