கூரையும் குறிப்புத் தாளும்
(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர்)

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் விடியற்காலை, நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று நம் புதுக்கோட்டை மாவட்டத்தையும் சூறையாடிச் சென்றது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னைகள் சாய்ந்த காட்சியை நாம் மறக்க இயலாது. மரங்களோடு கூரைகளும் போயின. சிமெண்ட் அட்டையும் தகரமும் வேய்ந்த கூரையைப் புயல் எவ்வாறு தூக்குகிறது? அதனைத் தடுக்க அத்தகடுகளைச் செய்தவர் கூறும் வழி யாது? இவ்விரண்டையும் இங்குக் காண்போம்.

காற்று கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது

காற்று கூரையின்மேல் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமோ குறைவதில்லை. ஆகவே கூரை மேல்நோக்கி உந்தப்படுகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உந்துதல் இன்னும் மிகுகிறது.

இதன் அளவை எளிதில் கணக்கிடலாம். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரின் மேல் காற்றழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இது ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமம். 120 கிலோமீட்டரில் 34 அன்று, 68 கிலோ! வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. சிமெண்ட் அட்டையின் எடையோ சதுர மீட்டருக்குச் சுமார் 13 முதல் 14 கிலோதான். மேலே மணல் மூட்டையும் கல்லும் ஏற்றி வைப்பது எவ்வளவு போதாத காவல் என்பது இதனால் விளங்கும். அட்டை பறந்தால் அந்தக் கல்லே உள்ளிருப்பவர் தலையில் விழும். கூரையைக் காப்பது எடை அன்று. அதனைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளே. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது கூரைக்கும் பொருந்தும்.

குறிப்புகளும் காரணங்களும்

அட்டையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே 1.4 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பர். சட்டத்தை மிச்சம் பிடிக்க இடைவெளியைக் கூட்டினால் அட்டை வளைந்து விரிசல் காணும். மேல் அட்டை கீழ் அட்டையின்மீது 15 சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். பக்கவாட்டு இணைப்பின் வாய், காற்று மிகுதியாக வரும் திசைக்கு மறுபுறம் இருக்க வேண்டும். இல்லையேல் மழைநீர் அவ்வழியே உள்ளே புகும்.

துளையை நெளிவின் மேட்டில் இட வேண்டும். பள்ளத்தில் நீர் ஓடுகிறதல்லவா? ஆணியும் சுத்தியலும் கொண்டு குத்தாமல், துளைக்கருவியால் துளைக்க வேண்டும். குத்திய துளையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. காற்றில் அட்டை அதிர அதிர அவை வளர்கின்றன. துளை போல்ட்டைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாயிருந்தால்தான், சித்திரை வெயிலில் விரிந்து இரவில் சுருங்க இடமுண்டு. போல்ட்டின் தலையில் இரும்பு வாஷரும் அதனடியில் தார் வாஷரும் வேண்டும். ஒன்று விசையைப் பரப்புகிறது. மற்றொன்று நீரைத் தடுக்கிறது. நட்டை அளவுக்கு மீறி முறுக்கினாலும் அட்டை உடையும்.

ஓரங்களிலும் மூலைகளிலும்தான் காற்றின் இழுப்பு மிகுதி. அங்கே ஒரு போல்ட் குறைந்தாலும் முதல் அட்டை கிளம்பும். அந்த வழியே காற்றுப் புகுந்து அடுத்ததையும் பெயர்க்கும். சட்டத்தைச் சுவரோடு பிணைக்காவிட்டாலோ அட்டையும் சட்டமும் சேர்ந்தே பறக்கும்.

வேலை செய்பவரின் உயிரையும் இக்குறிப்புகள் காக்கின்றன. அட்டையின்மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு நடக்கச் சொல்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த அட்டையை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்க்கும் காரணமாகும். ஆதலால் நனைத்து, கைக்கருவியால் அறுக்க வேண்டும். எழுந்த தூசை மூச்சில் ஏற்காமல் காத்துக்கொள்ள வேண்டும்.

நம் கடன்

நம் மாவட்டத்து ஆவுடையார்கோயிலின் கொடுங்கையைக் கண்டவர் அறிவர். கல்லால் ஆன அந்தக் கூரையிலும் மரக்கூரையின் சட்டங்களையும் ஆணிகளையும் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான். கூரை என்றால் அதன் பிணைப்பும் சேர்ந்ததே என்பதை அவன் மறக்கவில்லை.

நாமோ தகடு வாங்குகிறோம். அதனோடு வரும் தாளைக் கசக்கி எறிகிறோம். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் மேஸ்திரியும் ஆசாரியும் பழக்கத்தைக் கொண்டே வேலையை முடிக்கின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்தம் கைத்திறனுக்கு அத்தாளின் செய்தி எட்டவில்லை என்பதே உண்மை. படித்த நாம் அதனைத் தமிழில் படித்துச் சொல்லலாம். போல்ட்டுகளை எண்ணிப் பார்க்கலாம். வாஷர் உள்ளதா எனக் கேட்கலாம். அடுத்த ஐப்பசி, கார்த்திகைக்கு முன் நம் தெருவில் ஒரு வீட்டுக் கூரையையேனும் இவ்வாறு சரிபார்த்தால், வகுப்பில் கற்ற இயற்பியல் ஊருக்குப் பயன்பட்டதாகும்.