ஸ்கிரீன் ரெக்கார்டிங்: எந்த டூல் உங்களுக்கு?

கிளையன்ட்டுக்கு ஒரு டெமோ வீடியோ அனுப்பணும். எந்த டூல்? விலையைப் பார்க்கும் முன், வீடியோ எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள்.

லூம், வீடியோவைத் தன் சர்வரில் வைத்து லிங்க் தரும். டீமுக்கு வசதிதான். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு வீடியோவுக்கு 5 நிமிடம், மொத்தம் 25 வீடியோ என்பதே வரம்பு.

ஓபிஎஸ் ஸ்டுடியோ முழுக்க இலவசம். நேர வரம்பும் வாட்டர்மார்க்கும் கிடையாது. ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பழகத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சின்ன வேலைக்கு விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூல், மேக்கில் ஷிஃப்ட்-கமாண்ட்-5 போதும்.

திரையில் கிளையன்ட்டின் வாடிக்கையாளர் பெயர், ஃபோன் நம்பர் தெரியுமா? அப்போ கம்ப்யூட்டரிலேயே சேமிக்கும் டூல்தான் சரி. லிங்க் அனுப்பியே ஆகணும்னா, யாரெல்லாம் பார்க்கலாம் என்ற செட்டிங்கை முதலில் மாற்றுங்கள். லிங்க் கைமாற ஒரு ஃபார்வர்டு போதும்.