கனமான பாட்டு எது?

காட்டூரில் வாழ்வோர்க்கு இரும்பின் ஓசை புதிதன்று. திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது இவ்வூர். இதற்கு அணித்தே, கொதிகலன்கள் செய்யும் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை 1960-களில் அமைந்தது. அதனைச் சார்ந்து எழுந்த பட்டறைகளில் தகடு வளைக்கும் ஓசையும் சம்மட்டி அடிக்கும் ஓசையும் பகலெல்லாம் கேட்கும். இத்தகைய ஊரிலே, 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு மாலை, நம் மாணாக்கர் சிலர் தாம் தங்கியிருந்த வீட்டின் மொட்டைமாடியிற் கூடினர். ஆஸி ஆஸ்பர்ன் என்னும் ஆங்கிலப் பாடகர் அம்மாதம் 22-ம் தேதி காலமான செய்தி அப்பொழுதுதான் வந்திருந்தது. அவர் நினைவாக, ‘ஹெவி மெட்டல்’ என்னும் இசைவகையிற் றலைசிறந்த பத்துப் பாட்டுக்களை வரிசைப்படுத்துவதென்று அவர்கள் தீர்மானித்தனர். அண்டை வீட்டினனாகிய யானும் அழைக்கப்பெற்றேன்.

எட்டு மணிக்குத் தொடங்கிய முயற்சி நள்ளிரவு வரை நீண்டது. ஒரு பாட்டேனும் காகிதத்தில் ஏறிற்றில்லை. ‘லெட் செப்பெலின் குழுவினர் இவ்வகையிற் சேர்வாரா, சேராரா?’ என்ற முதற் கேள்வியே முடியவில்லை. இறுதியில் இருவர் ஒருவரோடொருவர் பேசாமலே படுக்கச் சென்றனர். ஒரு பாட்டின் பொருட்டு நட்புக் குலைவதா என்று நகைப்பாரும் உளர். ஆயினும் அவ்விருவரும் வழக்கிட்டது பாட்டைப் பற்றியன்று. ‘கனம்’ என்னும் சொல்லின் பொருளைப் பற்றியே. அச்சொல் நமக்கும் பழையது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹெவி மெட்டல் என்பதற்குக் கனமான உலோகம் என்பது நேர்ப்பொருள். இவ்விசை இங்கிலாந்தின் தொழில்நகரமாகிய பர்மிங்ஹாமில் உருவெடுத்ததென்பது பலர் கொள்கை. அந்நகரத்து ‘பிளாக் ஸாபத்’ குழுவினரின் முதல் இசைத்தட்டு 1970-ம் ஆண்டு பிப்ரவரி 13-ம் தேதி வெளியாயிற்று. அக்குழுவிற் கிதார் வாசித்த டோனி அயோமி என்பார் இளமையிலே தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். பதினேழாம் வயதில், அவ்வேலையை விட்டு நீங்க இருந்த நாளிலே, இயந்திரத்திற் சிக்கி வலக்கையின் இருவிரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவராதலின் தந்தியை அழுத்துதற்கு வேண்டுவன அவ்விரல்களே. அவர் மனந்தளர்ந்திலர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து அணிந்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தித் தந்திகளைத் தளர்த்தினார். வலியைக் குறைத்தற்குச் செய்த அவ்வுபாயமே ஓசைக்கு முன்னில்லாத பாரத்தைத் தந்தது. தந்தி தளரவே இசை கனத்தது என்னலாம்.

இவ்விசையின் இலக்கணத்தை நம் சங்கீதச் சொற்களாலேயே ஒருவாறு விளக்கலாகும். மின்சாரக் கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கிப் பெருக்குவர். அவ்வாறு பெருக்கிய ஒலியிற் பல சுரங்களை ஒருங்கு மீட்டினால் ஓசை குழம்பும். ஆதலின் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டி, இடைநின்ற காந்தாரத்தை விட்டுவிடுவர். நம் தம்புராவில் ஓயாது ஒலிப்பனவும் பெரும்பாலும் இவ்விரண்டே. இனி, அம்முதல் இசைத்தட்டின் முதற் பாட்டு ஷட்ஜத்தினின்று பிரதி மத்திமத்திற்குச் செல்லும் ஓசையை அடிப்படையாகக் கொண்டது. அச்சுர இடைவெளியைச் சாத்தானுக்குரியதென்று ஐரோப்பியர் இகழ்ந்துரைத்ததுண்டு. நம்மவர்க்கோ அதனிடத்து அச்சமில்லை. கலியாணி முதலாகப் பல இராகங்களில் அஃது இனிது வழங்குகின்றது.

இவ்விலக்கணம் ஒருபுறமிருக்க, ஒரு பாட்டு இவ்வகையிற் சேருமா என்று தீர்மானிப்போர் மூன்று அளவுகோல்களைக் கையாளுகின்றனர். முதலாவது, ஓசையின் இலக்கணம்: கரகரப்பும் தாழ்ந்த சுருதியும் உளவா என்று நோக்குவது. இரண்டாவது, மரபு: எக்குழுவினர் வழியில் வந்தது, எவர் இதனைத் தம்முடையதென ஏற்கின்றனர் என்று நோக்குவது. மூன்றாவது, பயன்: கேட்பார் உள்ளத்தில் அப்பாரம் இறங்குகின்றதா என்று நோக்குவது. மொட்டைமாடியில் ஒருவர் முதற் கோலைப் பிடித்திருந்தார். மற்றவர் இரண்டாவதைப் பிடித்திருந்தார். ஒருவன் முழக்கோலாலும் மற்றொருவன் படியாலும் அளந்து, அளவு ஒத்துவரவில்லையென்று சினந்தாற் போன்றதே அவ்வழக்கு.

இப்பிழை மாணாக்கர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கிராமி பரிசை வழங்குவோர் 1989-ம் ஆண்டில், ‘ஹார்ட் ராக்’ இசைக்கும் மெட்டல் இசைக்கும் சேர்த்து முதன்முறையாக ஒரு பரிசை ஏற்படுத்தினர். மெட்டாலிக்கா குழுவினர்க்கே அது கிட்டுமென்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால், புல்லாங்குழல் வாசிப்பவரைத் தலைவராகக் கொண்ட ஜெத்ரோ டல் என்னும் குழு அதனைப் பெற்றது. கேட்டோர் திகைத்தனர்; பரிசளித்தோர் நகைப்புக்கிடமாயினர். மறு ஆண்டே அப்பரிசு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, மெட்டல் பரிசு மெட்டாலிக்காவைச் சேர்ந்தது. வகுத்தலை முன்னரே செய்யாமல் வரிசைப்படுத்தப் புகுந்ததன் விளைவு இதுவாகும்.

நிற்க. இனி நம் நாட்டை நோக்குவோம். கருநாடக சங்கீதத்திலும் ‘கனம்’ என்பது ஒரு வகையின் பெயர். பாடும் நெறியைக் கனம், நயம், தேசிகம் என மூன்றாகப் பகுத்தனர் முன்னோர். கனமார்க்கமாவது, உடல்வலியும் மூச்சின் ஆட்சியும் கூடி, உந்தியினின்று எழும் ஓசையால் அழுத்தந்தந்து பாடுவது. பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த உடையார்பாளையம் சமஸ்தானத்தில் விளங்கிய கிருஷ்ணையர், தஞ்சை அரசவைக்கு வந்த பொப்பிலி கேசவையாவிடம் இந்நெறியை அரிதிற் பயின்றவர். அதனால் ‘கனம் கிருஷ்ணையர்’ என்றே உலகம் அவரை அழைத்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் அவருடைய மாணாக்கர். ஐயரவர்கள் கிருஷ்ணையரின் சரித்திரத்தைத் தனி நூலாகவே எழுதியுள்ளார்.

இராகங்களிலும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்தும் கனராகங்கள் எனப்படும். வீணையில் தானம் வாசித்தற்கு இவை மிக ஏற்றவை. இவற்றுள் வராளி ஒன்றே பிரதி மத்திமம் உடையது. அவ்விராகத்தை ஆசிரியர் மாணாக்கர்க்கு நேரே கற்பித்தலாகாது, கற்பித்தால் இருவர்க்கும் பகை நேருமென்று ஒரு நம்பிக்கையும் நம்மிடை உண்டு. அச்சுரத்தைக் கண்டு அஞ்சிய ஐரோப்பியரை நாம் மிகவும் நகைத்தல் தகாதுபோலும்!

இவ்வைந்து இராகங்களிலும் தியாகராஜ சுவாமிகள் (1767–1847) இயற்றிய ஐந்து கீர்த்தனைகளே கனராக பஞ்சரத்தினம் எனப்படுவன. முதலாவதாகிய ‘ஜகதானந்தகாரக’ வடமொழியிலும் ஏனைய நான்கும் தெலுங்கிலும் அமைந்தன. சுரக்கோவையை முன்னர்ப் பாடி, அதே நடையிற் சொற்களைப் பின்னர்ப் பாடும் பல சரணங்களை உடைமை இவற்றின் சிறப்பு. திருவையாற்று ஆராதனையில் இவற்றை வித்துவான்கள் யாவரும் ஒருங்கிருந்து பாடும் வழக்கம், சுவாமிகள் மறைந்து ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், 1940-களின் தொடக்கத்திலேயே நிலைபெற்றது. இன்றோ, தியாகராஜர் என்றவுடன் பலர் நினைப்பது இவ்வைந்தையே.

அங்ஙனமாயின், சுவாமிகளின் கனமான பாட்டுக்கள் இவ்வைந்து மட்டுந்தாமோ? இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கின்றது. சுவாமிகள் திருவரங்கத்திற்கு வந்து அரங்கநாதரைத் தரிசித்துப் பாடிய ஐந்து கீர்த்தனைகள் ஸ்ரீரங்க பஞ்சரத்தினம் எனப் பெயர்பெறும். அவை காம்போதியில் ‘ஓ ரங்கசாயீ’, தேவகாந்தாரியில் ‘வினராத நா மனவி’, தோடியில் ‘ராஜு வெடல’, ஆரபியில் ‘சூதாமு ராரே’, சாரங்கத்தில் ‘கருண ஜூடவய்ய’ என்பனவாம். குதிரை வாகனத்தில் எழுந்தருளிய பெருமாளைக் கூட்டத்தின் மிகுதியாற் காணமாட்டாது சுவாமிகள் நெகிழ்ந்து பாடியது ‘வினராத’ என்றும், அவர் தரிசிக்குமளவும் வாகனம் நகரவில்லை என்றும் கர்ணபரம்பரையாகச் சொல்வர்.

இவ்வைந்தனுள் ‘சூதாமு ராரே’ ஆரபியில் அமைந்தமை காண்க. ஆரபியோ கனராகம். ஆயினும் இப்பாட்டைக் கனராக பஞ்சரத்தினத்தில் எவரும் எண்ணுவதில்லை. சுரமும் சொல்லுமாய் அடுக்கிய சரணங்கள் இதற்கில்லை. திருவையாற்று மரபும் இதற்கில்லை. முதல் அளவுகோல் இதனை உள்ளே அழைக்கின்றது. இரண்டாவது வாயிலிலே தடுக்கின்றது.

இதனினும் வியப்புடையது மற்றொன்று. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுவரிசை இறங்குவரிசை இரண்டும் ஒன்றே. ஏட்டில் எழுதிக் காட்டினால் இவற்றிடை வேற்றுமை காண்டல் அரிது. ஆயினும் பாடக் கேட்டால் ஒரு நொடியில் விளங்கும். ஆரபி விரைந்து நடப்பது; காந்தார நிஷாதங்களைச் சற்றே தொட்டு விடுவது; அசைவு குறைந்து நிமிர்ந்து நிற்பது. தேவகாந்தாரியோ தாழ்ந்த நடையில், சுரங்களை நீட்டி அசைத்து இரங்கிக் கேட்பது. ஒன்று கனராகம், மற்றொன்று அன்று. சுரங்கள் ஒன்றாயிருக்கவும் வகை வேறானமையின், கனம் சுரத்தில் இல்லை, அதனைக் கையாளும் முறையிலே உள்ளது என்பது தெளிவு. அயோமி வாசித்ததும் பிறர் வாசித்த அதே கருவியே. முறைமாற்றமே அதனைக் கனமாக்கிற்று.

மூன்றாவது அளவுகோலாகிய பயனைக்கொண்டு நோக்கின், முதலிடம் ‘ஓ ரங்கசாயீ’க்கு உரியதென்பது எம் அபிப்பிராயம். காம்போதி கனராகமன்று. ஆயினும் இப்பாட்டைக் கச்சேரியின் நடுவே வைத்து, நெடிது ஆலாபனை செய்து, திருவரங்கத்தைப் பூலோக வைகுண்டமெனப் போற்றும் இடத்தில் நிரவல் பாடுவது வித்துவான்கள் வழக்கம். ஒரு மணி நேரம் விரித்தாலும் தாங்கவல்லது அதன் உடல். நிரவலுக்கே பெயர்பெற்ற முசிறி சுப்பிரமணிய ஐயர் (1899–1975) தோன்றியதும் இச்சீமையிலேயே. எம் வரிசையில் இரண்டாவது ‘வினராத’. மூன்றாவது ‘ராஜு வெடல’. நான்காவது ‘சூதாமு ராரே’. ஐந்தாவது ‘கருண ஜூடவய்ய’. பாடுவோனுக்கு எவ்வளவு இடந்தருகின்றது என்பதே யாம் கொண்ட கோல். அதனை விட்டு இராக இலக்கணத்தையே கோலாகக் கொள்வோமாயின், நான்காவது முதலிடத்திற்கு ஏறிவிடும். பாட்டு மாறவில்லை, கோலே மாறிற்று.

இதனால் வரிசைப்படுத்தல் வீண் வேலை என்பது கருத்தன்று. நல்ல வரிசை அறியாதானைக் கேட்கத் தூண்டும். ஆயினும் அதில் ஓர் அபாயமும் உண்டு. இவ்வைந்து பாட்டுக்களின் பெயரை அம்மாணாக்கரிடம் யான் வினவினேன். கனராக பஞ்சரத்தினத்தில் இரண்டு மூன்றின் பெயரை அறிந்தவர் இருந்தனர். ஸ்ரீரங்க பஞ்சரத்தினத்தின் பெயரைக்கூட எவரும் கேட்டதில்லை. அவருள் ஒருவர் திருவரங்கத்தின் உத்தர வீதியிற் பிறந்து வளர்ந்தவர்! லால்குடியிலும் சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடியுள்ளார், அவற்றையும் அறிந்தாரில்லை. சுவாமிகளின் கீர்த்தனைகள் ஏறத்தாழ எழுநூறு நமக்குக் கிட்டியுள்ளன. பெயர்பெற்ற ஐந்தின் நிழலில் எத்தனை பாட்டுக்கள் வாயற்றுக் கிடக்கின்றனவோ! வரிசையிற் சேர்ந்த பாட்டு மேலும் பாடப்படும். பாடப்படுதலின் மேலும் சிறந்ததாகத் தோன்றும். சேராத பாட்டோ பாடுவாரின்றிக் கேட்பாரின்றி மங்கும். ஏட்டில் எழுத்து இருப்பினும், பாடும் முறை மறைந்தபின் ஆரபி யாது, தேவகாந்தாரி யாது என்று காட்டுவார் யார்?

ஆகவே, வரிசை செய்யப் புகும் இளைஞர் மூன்று நியமங்களை மேற்கொள்ளுதல் நன்று. எக்கோலால் அளக்கின்றோம் என்பதைத் தலைப்பிலேயே எழுதுக. அக்கோலாற் புறத்தே நின்ற பாட்டு ஒன்றையேனும் அடியிற் குறித்து வைக்க. தம் ஊரின் வாயிலில் நிற்கும் பாட்டைக் கேட்காமல் தொலைதூரத்துப் பாட்டுக்குத் தீர்ப்பளியாதிருக்க.

சில நாட்கள் கழித்து அம்மாணாக்கர் தம் வரிசையை எமக்குக் காட்டினர். ஒரே பட்டியாக இருந்தது மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் அளவுகோல் இன்னதென்று எழுதப்பட்டிருந்தது. லெட் செப்பெலின் ஒன்றில் இருந்தனர், மற்றொன்றில் இல்லை. பேசாதிருந்த இருவரும் ஒரே காகிதத்தின் இருமுனையைப் பற்றிக்கொண்டு நின்றனர். மூன்றாவது பட்டியின் அடியில், புறத்தே நின்ற பாட்டு என்னும் குறிப்போடு, ‘ஓ ரங்கசாயீ’ என்று எழுதியிருந்தது. அதனை அவர்கள் அதற்குள் கேட்டுவிட்டனரா என்று வினவினேன். கேட்டதாகவும், முடிந்தபின் பட்டறை ஓசைகூடச் சிறிது நேரம் காதில் ஏறவில்லையென்றும் உத்தர வீதி மாணாக்கர் சொன்னார்.