மலேசியத் தமிழ்ச் சொல்லிசை: ஒரு குழுவின் தோற்றமும் ஒலி மாற்றமும்

மலேசியத் தமிழிளைஞர் மேற்கத்திய முறையில் இசைக்குழு அமைத்துப் பாடுதல் புதிதன்று. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் முன்னின்று நடத்திய 'அலிகேட்ஸ்' நாடறிந்த குழுவாகும். எனினும், அக்குழுவிற்குப் புகழ் தேடித் தந்தவை மலாய்ப் பாடல்களே. தமிழை முதன்மை மொழியாகக் கொண்டு ஒரு குழு எழுந்ததையும், அதனால் அதன் ஒலி மாறியதையும் 'யோகி பி - நட்சத்திரா' வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

யோகி பி எனப்படும் யோகேஸ்வரன் வீரசிங்கம் முதலில் 'போயட்டிக் அம்மோ' என்னும் பல்லினக் குழுவில் இயங்கியவர். அக்குழு 1998ஆம் ஆண்டு தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதில் ஆங்கிலமே மேலோங்கி நின்றது; தமிழ் உடன்வரும் மொழிகளுள் ஒன்றாக இருந்தது. பின்னர், டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் 'நட்சத்திரா'வுடன் இணைந்து 2006இல் 'வல்லவன்' தொகுப்பை அவர் அளித்தார். இதில் ஆங்கிலம் கலந்திருப்பினும் தமிழே அடித்தளமாயிற்று.

மொழி மாறும்போது ஒலியமைப்பும் மாறியாக வேண்டும். ஆங்கிலச் சொல்லிசையில் அடியிறுதி இயைபு முயன்று பெற வேண்டிய ஒன்று. தமிழிலோ வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும். 'வந்தான், சென்றான், நின்றான்' என விகுதி ஒத்துவருவதால் இயைபு தானே அமைந்துவிடுகிறது. எளிதிற் கிடைப்பது விரைவில் சலிப்பூட்டும். ஆகவே, தமிழில் சொல்லிசைப்போர் அடியின் முதலிலும் இடையிலும் ஒலிநயம் தேட வேண்டியவராகின்றனர். அங்கே மோனையும் எதுகையும் கைகொடுக்கின்றன. 'கட்டு, தட்டு, எட்டு' போன்ற சொற்களில் இரட்டிக்கும் வல்லினம் தாளக்கருவியின் அடியைப் போலவே ஒலிப்பதும் கருதத்தக்கது.

இத்தொகுப்பின் 'மடை திறந்து' பாடல், 'நிழல்கள்' (1980) படத்திற்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை மறுஆக்கம் செய்தது. பழகிய மெட்டு மீண்டும் மீண்டும் வர, இடையிடையே சொல்லிசை அமைகிறது. கேட்போர் அறிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு அறியாத ஒன்றை ஏற்றனர். அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' (2007) படத்தின் 'எங்கேயும் எப்போதும்' மறுஆக்கத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. தமிழகத் திரையிசையைப் பெற்றுக்கொண்ட மலேசியத் தமிழ், அதற்குத் தன் பங்கையும் அளித்தது.

பண்டமாரான் போன்ற கிள்ளான் வட்டாரக் குடியிருப்புகளில் வளரும் மாணவர்க்குத் தமிழ் பள்ளியில் மட்டும் கேட்கும் மொழியன்று. இத்தகைய பாடல்களிலும் அவர்கள் அதைக் கேட்கின்றனர். இவற்றில் பிறமொழிச் சொற்கள் மிகுதி என்னும் ஆசிரியர்தம் கவலை நியாயமானதே. ஆயினும், தாம் விரும்பும் சொல்லிசை ஒன்றை எடுத்து, ஒலி ஒன்றும் இடங்களை அடிமுதல், அடியிறுதி எனக் குறித்துவரச் செய்தால், யாப்புப் பாடம் மனனத்தினின்று விடுபடும். எதுகையும் மோனையும் அவர்தம் செவியில் முன்னரே உள்ளன. அவற்றின் பெயரைத்தான் அவர்கள் இன்னும் அறியவில்லை.