நகை இல்லாத நாட்டியம்

"அம்மா, அரங்கேற்றத்துக்கு டெம்பிள் ஜுவல்லரி செட் எடுக்கணுமாம்!" என்றாள் என் பெண். புதுச்சேரியில் ஒற்றைச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சென்னையில் வாழ்ந்து 2006-ல் மறைந்த நடனக் கலைஞர் சந்திரலேகாவின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

1952-ல் ராயலசீமா வறட்சி நிதிக்காக அவர் அரங்கேறினார். யமுனையில் நீர் விளையாடுவதை அபிநயித்தபோது, வெடித்த நிலம் கண்முன் வந்து ஒரு கணம் உறைந்து போனாராம். பிற்பாடு 1985-ல், 'அங்கிகா'வில் பரதத்தோடு யோகாசனமும் களரியும் சேர்த்தார். பளபளப்பு வேண்டாம், புராணக் கதை வேண்டாம். உடம்பின் கோடுகளே போதும் என்றிருந்தார். 2001-ல் 'சரீரா': மேடையில் ஒரு பெண், ஓர் ஆண், மெல்ல மெல்ல அசைவு. அவ்வளவுதான்!

"அப்போ எனக்கு ஒண்ணுமே கிடையாதா?" என்று முகம் சுளித்தாள். சரி, நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் மட்டும் வாடகைக்கு. அரைமண்டியில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து உட்கார் என்று சொல்லியிருக்கிறேன்.