விரைவும் நினைவும்

எழுத்தைத் தாங்கும் பொருளை, அவ்வெழுத்தின் பயன் நோக்கியே நம் முன்னோர் தெரிந்தெடுத்தனர். முதலாம் இராசேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுத் திருக்கோயிலுக்கு அளித்த கொடை 31 செப்பேடுகளில் வெட்டுவிக்கப்பட்டது. 1905-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட அவ்வேடுகளை அறிஞர் இன்றும் படித்தறியலாம். நூல்களுக்குப் பனையோலை போதியதாயிற்று. திண்ணைப் பள்ளிச் சிறுவனுக்கோ மணலே சாலும். எழுதியதை அழித்து மறுபடியும் எழுதுவதே அங்கு வேண்டுவது. செப்பேட்டில் அரிச்சுவடி பயிற்றுவாரும் இலர். மணலிற் கொடையாணை வரைவாரும் இலர். இவ்வெளிய உண்மையே, இக்காலத்துப் பிணையக் கருவிகளுக்கு நினைவகச் சில்லுகளைத் தெரிந்தெடுக்கும் முறைக்கும் அடிப்படையாம். அம்முறையினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிணையக் கருவியின் தொழில் யாதெனின், அதனை ஒரு புகைவண்டிச் சந்திப்பின் தொழிலோடு ஒப்பிடலாம். திருவாலங்காட்டிற்கு மேற்கே அண்மையிலுள்ள அரக்கோணத்தில், சென்னையிலிருந்து வரும் வண்டிகளுட் சில காட்பாடி நோக்கியும் சில ரேணிகுண்டா நோக்கியும் பிரிகின்றன. வண்டி இன்னதென அறிதல், அதற்குரிய தடம் இன்னதெனத் துணிதல், தடம் ஒழியுங்காறும் அதனை நிறுத்தி வைத்தல் என மூன்று செயல்கள் ஆங்கு நிகழ்கின்றன. ரூட்டர் எனப்படும் கருவியும் இம்மூன்றையே செய்கின்றது. நாம் அனுப்பும் கடிதமும் படமும் சிறு சிறு செய்திப் பொதிகளாய்ப் பிரிந்து அதனை அடைகின்றன. ஒவ்வொரு பொதியின் முகவரியையும் அது படித்து, வழிப்பட்டியலிற் போகும் வழியைத் தேடி, வழி ஒழியும்வரை பொதியை நினைவகத்தில் இருத்துகின்றது. வேற்றுமை யாதெனின், இதற்குக் கிடைக்கும் காலமே.

அக்காலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஈதர்நெட் முறையில் மிகச் சிறிய பொதி 64 பைட்டு. முன்னும் பின்னும் விடும் இடைவெளி முதலியன 20 பைட்டு. ஆக 84 பைட்டு, அஃதாவது 672 பிட்டு. நொடிக்கு 1 கிகாபிட் செல்லும் தடத்தில் ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் 672 நானோ நொடி. நொடிக்கு 100 கிகாபிட் செல்லும் தடத்திலோ 6.72 நானோ நொடியே. ஒளியே அந்நேரத்தில் இரண்டு மீட்டர் தொலைவுதான் செல்லும். அதற்குள் பொதியை எழுதுதலும், முன்னர் எழுதிய ஒன்றைப் படித்தெடுத்தலும், வழி தேடுதலும் முடிதல் வேண்டும்.

இனி, நினைவகச் சில்லுகளின் இயல்பைக் காண்போம். அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று டி-ராம். ராபர்ட் டென்னார்டு என்பார் 1966-இற் கண்ட இம்முறையில், ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும், மின்னூட்டம் தாங்கும் ஒரு நுண்கலமுமே வேண்டும். ஆதலின் சிறிய இடத்தில் மிகுதியாக அடங்கும், விலையும் குறைவு. ஆயின் கலத்திலுள்ள மின்னூட்டம் கசிந்து போவதால் 64 மில்லி நொடிக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும். ஒரு வரிசையைத் திறந்து, மூடி, அடுத்த வரிசையைத் திறக்க ஏறக்குறைய 50 நானோ நொடி செல்லும். மற்றொன்று எஸ்-ராம். இதன்கண் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள் உள, புதுப்பித்தல் வேண்டா, சில நானோ நொடியிலோ அதனினும் விரைவாகவோ விடையளிக்கும். ஆனால் இடமும் விலையும் பெரிது. வழி தேடுதற்கென டி-கேம் என்னும் மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பட்டியல் முழுவதையும் ஒரே வேளையில் ஒப்பிட்டு விடை தரும். அதற்கேற்ப மின்சாரத்தையும் மிகுதியாக உண்ணும்.

விரைந்தது சிறிதாகவும், பெரியது மந்தமாகவும் இருக்குமாயின், செய்வது யாது? நம் இல்லங்களில் இதற்கு விடை முன்னரே உண்டு. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நெல் குதிரில் இருக்கும். அன்றாட உலைக்கு வேண்டிய அரிசி அடுக்களைப் பானையில் இருக்கும். உலை கொதிக்கும்போது குதிரைத் திறப்பாரிலர். சுந்தர் ஐயர், ரமணராவ் கொம்பெல்லா, நிக் மக்கியூன் என்னும் மூவர் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இம்முறையையே கணக்கிட்டு நிறுவிற்று. வரிசையின் தலையும் வாலும் எஸ்-ராமில் இருக்க, நடுப்பகுதி பெருங்கட்டுகளாக டி-ராமில் அடைபடுகின்றது.

எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பது அடுத்த வினா. தடத்தின் விரைவை, செய்தி போய்த் திரும்பும் நேரத்தாற் பெருக்கி வருவதே அளவு என்பது 1994 முதல் வழங்கிய விதி. 100 கிகாபிட் தடத்திற்கு அந்நேரத்தை 250 மில்லி நொடியாகக் கொண்டால் 3 கிகாபைட்டுக்குச் சிறிது மேலாகும். 2004-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், பலருடைய போக்குவரத்து ஒருங்கே செல்லும் பெருந்தடங்களில் அவ்வளவு வேண்டா என்று காட்டினர். பழைய அளவை, போக்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும் என்பது அவர் முடிபு. 10,000 போக்குகள் உளவாயின் நூறிலொரு பங்கு, அஃதாவது 31 மெகாபைட்டு அளவே போதும். அவ்வளவையும் எஸ்-ராமாகவே சில்லுக்குள் அமைத்துவிடலாம். மிகுதியாக வைத்தலாற் கேடும் உண்டு. பொதிகள் நீண்ட வரிசையிற் காத்துக்கிடக்க, பேசுவோர் குரல் காலந்தாழ்த்து வந்து சேரும்.

இக்கணக்குகள் நமக்கு எதற்கு என வினவுவார் உளராகலாம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. திருவாலங்காட்டு ஒன்றியத்து ஊராட்சிகளும் அவற்றுள் அடங்குவன. ஊராட்சிக் கட்டடத்தில் வைக்கும் கருவி 1 கிகாபிட் விரைவினதாயின், அதற்கு 672 நானோ நொடி அவகாசம் உண்டு. 50 நானோ நொடியில் இயங்கும் எளிய டி-ராமே அங்குப் போதும். விலையுயர்ந்த விரைவுச் சில்லினை ஆங்குப் பதித்தல் செப்பேட்டில் அரிச்சுவடி எழுதுதலை ஒக்கும். அவ்வாறு வீணாகும் பொருளால் இன்னோர் ஊருக்கு இணைப்புத் தரலாம். ஆனால் அங்கு விரைவினும் வெப்பத்தையே நோக்குதல் வேண்டும். கோடை வெயிற்குப் பெயர்பெற்ற திருத்தணியின் பக்கத்து ஊர்கள் இவை. வெப்பம் ஏற ஏற மின்னூட்டம் விரைந்து கசியும். சில்லின் வெப்பம் 85 பாகையைக் கடந்தால் 32 மில்லி நொடிக்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும். ஆகவே கடும் வெப்பம் தாங்கும் தரத்தினதாகவும், பிட்டு ஒன்று பிறழ்ந்தால் அதனைத் தானே திருத்தும் அமைப்புடையதாகவும் தெரிந்தெடுத்தல் கடன். பல ஊர்களின் போக்கு ஒன்றுகூடும் 100 கிகாபிட் தடத்திலோ விரைவே முதன்மை.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சிஸ்கோ நிறுவனம், பிளெக்ஸ் நிறுவனத்தோடு கூடிச் சென்னையில் ரூட்டர்கள் செய்யும் ஆலையைத் தொடங்கிற்று. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள நம் இளைஞர் பலர் இத்தகைய ஆலைகளை நாடிச் செல்கின்றனர். பிறர் தெரிந்தெடுத்த சில்லைப் பலகையிற் பதித்தல் ஒரு தொழிலே. அதனை இகழ்தல் தகாது. ஆயின் இவ்விடத்திற்கு இச்சில்லு ஏன் என்று வினவியறிதல் அதனினும் உயர்ந்த தொழிலாம். அவ்வினாவிற்கு வேண்டிய பெருக்கலும் வகுத்தலும் நம் பள்ளிகளிற் கற்பிக்கப்படுவனவே. எத்துணை நேரம் உண்டு, எத்துணைப் பொதி காத்திருக்கும், எத்துணை வெப்பம் தாங்க வேண்டும் என்னும் மூன்றினையும் முதற்கண் வினவி, அதன் பின்னரே விலைப்பட்டியலைத் திறத்தல் வேண்டும். இம்முறையைத் தமிழிலேயே கற்கவும் கற்பிக்கவும் வல்லார் நம் கல்லூரிகளிற் பெருகுவாராயின், பதிக்கும் கையே தெரிந்தெடுக்கும் கையுமாகும் என்பது திண்ணம்.